பாக்கெட் மேலே வெடித்த பருத்தி! மண்ணுக்குள்ளே வேரில் முடிச்சு!



பருத்தி போட்ட எல்லோரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். விதை ஒரே பாக்கெட். உரம் ஒரே மூட்டை. தண்ணீர் ஒரே கிணறு. ஆனால் வயலில் ஒரு பக்கம் செடி இடுப்பு உயரம் நிற்கிறது, நடுவிலே நாலைந்து இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாக முழங்கால் உயரத்தில் சொங்கிப் போய் நிற்கிறது. காலையில் நன்றாக இருக்கும். உச்சி வெயிலில் தலையைத் தொங்கப் போடும். சாயங்காலம் மறுபடி நிமிரும். இலை வெளுக்கும், சப்பை கொட்டும், காய் சிறுத்துப் போகும்.

உடனே என்ன செய்கிறோம்? யூரியா வைக்கிறோம், கேட்பதில்லை. இன்னொரு தண்ணீர் விடுகிறோம், கேட்பதில்லை. கடைசியில் உரக்கடை வாசலில் போய் நிற்கிறோம். டானிக் ஒன்று, பூச்சி மருந்து ஒன்று, அதோடு ஒட்டும் திரவம் ஒன்று என்று பை நிறையக் கொடுத்து அனுப்புகிறார்கள். பில் கேட்டால் முகம் மாறுகிறது. அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் "உங்க மண்ணு சரியில்லீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள்.

பருத்தி மார் பிடுங்கும் நம் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டில் இருந்த செடியைப் பிடுங்கினால் வேரில் மணி மணியாக முடிச்சு இருப்பதை அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள். "வேரே இல்லாம முண்டு முண்டா இருக்குது" என்பார்கள். அதுதான் வேர்முடிச்சு நூற்புழு. இலைக்கு நாம் மருந்து அடித்துக் கொண்டிருந்தோம், கேடு வேரில் உட்கார்ந்திருந்தது.

இந்த நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழு மண்ணின் ஈரத்தில் நீந்தி வந்து வேர் நுனியில் நுழைகிறது. உள்ளே போய் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வேரின் உயிரணுக்களை ஊத வைத்து, செடிக்குப் போக வேண்டிய சாப்பாட்டைத் தன் வாய்க்குத் திருப்பிக் கொள்கிறது. நாம் பார்க்கும் முடிச்சு அந்த ஊதல்தான். நம் ஊர் வெயிலுக்கு மூன்று, நான்கு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்து விடும். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரு பருத்தி வெள்ளாமை முடிவதற்குள் எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மணல் சாரியான பூமியிலும் செம்மண்ணிலும் இதன் கொட்டம் அதிகம். கெட்டியான கரிசலில் குறைவு. அங்கே மொச்சை வடிவ நூற்புழு என்று இன்னொரு சனியன் இருக்கிறது. அது முடிச்சுப் போடாது, அதனால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

இது நேற்று வந்த நோயும் அல்ல. நம் தமிழ்நாட்டில், நீலகிரி மாவட்டம் தேவாலாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பார்பர் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி 1901-லேயே வேர்முடிச்சு நூற்புழுவைப் பதிவு செய்திருக்கிறார். நூற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று வரைக்கும் பருத்தி விதை விற்கிற ஒரு பாக்கெட்டிலாவது "இந்த ரகம் வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்குமா, தாங்காதா" என்று ஒரு வரி போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? முளைப்புத் திறன் இருக்கிறது, லாட் நம்பர் இருக்கிறது, விலை இருக்கிறது, வெடித்துச் சிரிக்கும் பருத்திக்காய் கலரில் இருக்கிறது. வேரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

காய்ப்புழுவுக்கு பி.டி. இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அதையும் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். இப்போது விற்கும் பி.டி. பருத்தியில் இருக்கும் நஞ்சு காய்ப்புழு இனத்துக்கானது. நூற்புழுவை அது ஒன்றும் செய்யாது. "பி.டி. போட்டாச்சு, எல்லாப் புழுவும் செத்துரும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்த பிறகு, நாம் காலம் காலமாகப் போட்ட ரகங்கள் பெரும்பாலும் போய், ஒட்டு விதை பாக்கெட்டுகள் கடை முழுக்க வந்து விட்டன. தாய் தகப்பன் யார், எந்த மண்ணில் சோதித்தார்கள், வேர் எப்படி என்று கேட்க ஆளில்லை. எடுத்த பருத்தியில் விதை வைத்து மறு வருடம் போடவும் வழியில்லை. வருடா வருடம் கடைக்குப் போக வேண்டும். 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த உச்ச விலை பாக்கெட் 901 ரூபாய். ஏக்கருக்கு இரண்டு பாக்கெட் போடுகிறவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வளவு காசு வாங்குகிறவர்கள் ஒரு வரி உண்மை எழுத மாட்டார்களாம்!

முன்பு நூற்புழுவுக்குக் குருணை மருந்து போட்டோம். போரேட் 2020 கடைசியோடு தடை ஆகிவிட்டது. கார்போபியூரானுக்கு 2023-இல் கடுமையான கட்டுப்பாடு வந்தது. இதற்காக நாம் அழவில்லை. அந்த விஷத்தைக் கையால் அள்ளிப் போட்டவர்கள் நாம்தான், மயங்கி விழுந்ததும் நம் ஆட்கள்தான். போனது நல்லதுதான். ஆனால் மருந்தை எடுத்த அரசு, அதற்குப் பதிலாக என்ன கொடுத்தது? புதிதாக வந்திருக்கும் நூற்புழு மருந்துகளின் விலையைக் கேட்டால் மானாவாரிப் பருத்திக்காரன் காதைப் பொத்திக் கொள்வான். சிறு விவசாயிக்கு மிச்சம் இருக்கும் மலிவான பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான். அது விதைக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்புத் திறன். காசு செலவில்லை, மருந்து அடிக்கிற கூலி இல்லை, விதையை ஊன்றினால் போதும்.

அப்படி ஒரு பருத்தி இருக்கிறதா? இருக்கிறது, பெருமக்களே! அதுதான் நமக்கு வயிற்றெரிச்சல்.

அமெரிக்காவில் அலபாமா என்ற மாநிலம். நம்மைப் போலவே பருத்தி பூமி. அங்கே 1892-லேயே அட்கின்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வேரில் நூற்புழு இருக்கும் இடத்தில் வாடல் நோய் இரண்டு மடங்கு வெறியோடு வருகிறது என்பதுபோல, புழுவும் பூஞ்சாணமும் கூட்டாளிகளாக வேலை செய்கின்றன. புழு கதவைத் திறந்து விடுகிறது, பூஞ்சாணம் உள்ளே நுழைகிறது. வாடலைத் தாங்கும் என்று கொடுத்த ரகம்கூட நூற்புழு உள்ள மண்ணில் தடுமாறியது. ஆகவே வேரைக் காப்பாற்றாமல் வாடலை வெல்ல முடியாது என்று அவர்களுக்குப் புரிந்தது. அதே மாநிலத்தில் ஆபர்ன் என்ற ஊரில் ஷெப்பர்டு என்ற அரசாங்க விஞ்ஞானி உட்கார்ந்து வருடக் கணக்கில் செடி செடியாகப் பிடுங்கி வேரைப் பார்த்தார். கிளீவ்வில்ட் 6 என்று ஒரு ரகம், வைல்டு மெக்சிகோ ஜாக் ஜோன்ஸ் என்று மெக்சிகோ வழி வந்த ஒரு பழைய பருத்தி. இரண்டுக்கும் நூற்புழுவைத் தாங்கும் சக்தி சுமார்தான். இரண்டையும் ஒட்டுச் சேர்த்தார். சுமாரான அப்பனுக்கும் சுமாரான ஆத்தாளுக்கும் சூரப்புலி பிறந்தது போல, தாய் தகப்பன் இரண்டையும் மிஞ்சிய எதிர்ப்புத் திறனோடு ஒரு பருத்தி வந்தது. பெயர் ஆபர்ன் 623. 1974-இல் பதிவு செய்து வெளியிட்டார்கள். பிற்பாடு ஆராய்ந்ததில் இரண்டு மரபணு முக்கியமாக வேலை செய்வது தெரிந்தது. ஒன்று முடிச்சு விழுவதை அடக்குகிறது, இன்னொன்று புழு முட்டை வைப்பதைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் புழு பெருக முடியாமல் திணறுகிறது.

கவனியுங்கள். இது மரபணு மாற்றிய பயிர் அல்ல. பருத்தியிலேயே இருந்த குணத்தை, நம் கிராமத்தில் நல்ல காளையைத் தேடிப் பசுவுக்குச் சேர்ப்பது மாதிரி, சேர்த்து எடுத்தது. அரசாங்கப் பணத்தில் பிறந்தது. மற்ற விஞ்ஞானிகள் வாங்கிப் பயன்படுத்தட்டும் என்றுதான் வெளியிட்டார்கள்.

ஆனால் அங்கேயும் அது விவசாயி கைக்கு வர ரொம்ப வருடம் ஆனது. ஆபர்ன் 623 நேரடியாக விதைக்கிற மாதிரி விளைச்சல் கொடுக்கிற ரகம் இல்லை. அந்தக் குணத்தை நல்ல ரகத்துக்குள் இறக்க ஒவ்வொரு தலைமுறையிலும் செடியைப் பிடுங்கி வேரில் முடிச்சும் முட்டையும் எண்ண வேண்டும். அந்த வேலைக்கு எந்த விதை வியாபாரி காசு போடுவான்? காய்ப்புழு, களைக்கொல்லி என்று விளம்பரம் செய்து விற்கிற சரக்கில்தான் லாபம். மண்ணுக்குள் கிடக்கும் வேருக்கு விளம்பரம் ஏது! பிறகு மரபணு அடையாளத்தை வைத்து இலையிலேயே கண்டுபிடிக்கும் வித்தை வந்த பிறகுதான் வேகம் பிடித்தது. இன்றைக்கு அமெரிக்கப் பருத்தி விவசாயி விதைப் பட்டியலைப் புரட்டினால், எந்த ரகத்தில் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு எதிர்ப்பு உண்டு என்று பார்த்து வாங்க முடிகிறது. கலிபோர்னியாவில் 1990-களிலேயே அக்காலா நெம்-எக்ஸ் என்று பெயரிலேயே நூற்புழுவை வைத்து ஒரு ரகம் விட்டார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் பண்ணையாருக்கு அந்த விவரம் கிடைக்கிறது. இரண்டு ஏக்கர் வைத்துக் கொண்டு நகையை அடகு வைத்து விதைக்கிற நமக்குக் கிடைக்கவில்லை.

"அது அமெரிக்கச் சரக்கு, நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்று சில அதிகாரிகள் சொல்வார்கள். நாம் கேட்கிறோம், எம்.சி.யூ. 5 போட்டவர்கள்தானே நீங்கள் எல்லோரும்? எம்.சி.யூ. என்றால் என்ன? மெட்ராஸ் கம்போடியா உகாண்டா! கம்போடியாப் பருத்தியையும் உகாண்டாப் பருத்தியையும் கொண்டு வந்து கோயம்புத்தூரில் அரசு விஞ்ஞானிகள் நம் மண்ணுக்குப் பழக்கிக் கொடுத்ததுதான் அந்த வரிசை. 1968-இல் வந்த எம்.சி.யூ. 5 வெர்டிசீலியம் வாடலில் அடிபட்டபோது, அதையே தாங்கும்படி தேர்வு செய்து எம்.சி.யூ. 5 வி.டி. கொடுத்தார்கள். பிறகு சுரபி வந்தது. மண்ணிலிருந்து வரும் நோயை ரகத்தை வைத்தே ஜெயிக்க முடியும் என்று நம் கோவையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவுக்கென்றே தனித் துறை இருக்கிறது. மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல நிலையமும் கோவையில்தான் இருக்கிறது. ஆள் இருக்கிறது, அறிவு இருக்கிறது. பணமும் உத்தரவும்தான் இல்லை.

"நூற்புழு நம்ம பக்கம் பெரிய பிரச்சினை இல்லீங்க" என்பது அடுத்த பதில். சரி, எங்கே சோதித்தீர்கள்? காட்டுங்கள்! நம் வயல் மண்ணை எடுத்து தழை, மணி, சாம்பல் சத்து பார்த்து மண்வள அட்டை கொடுக்கிறார்களே, அதில் நூற்புழுவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பார்க்காமலே இல்லை என்று சொன்னால் எப்படி? வேர்முடிச்சு நூற்புழுவிலேயே பல இனம், ஒவ்வொன்றிலும் பல பிரிவு. எல்லாம் பருத்தியைத் தொடாது. கத்தரி வேரில் முடிச்சு இருக்கிறது என்பதால் அதே புழு பருத்தியையும் தாக்கும் என்று சொல்ல முடியாது, தாக்காது என்றும் சொல்ல முடியாது. மெலாய்டோகைனி இன்காக்னிட்டா என்ற இனத்தில் மூன்றாம், நான்காம் பிரிவுகள்தான் பருத்தியில் பெருகும் என்று பகுத்திருக்கிறார்கள். ஹரியானாவின் மணற்பாங்கான பருத்திக் காடுகளில் இது பெரும் தொல்லை என்பது விஞ்ஞானிகளே எழுதி வைத்த விஷயம். நம் வட்டாரத்தில் எந்தப் பிரிவு எவ்வளவு இருக்கிறது என்பதை மண் எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்.

இன்னொரு தந்திரத்தையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். நாளைக்கு நம் போராட்டத்துக்குப் பயந்து பாக்கெட்டில் "நூற்புழு தாங்கும்" என்று அச்சடித்து விடுவார்கள். தாங்குவது வேறு, எதிர்ப்பது வேறு. தாங்கும் ரகம் புழு இருந்தாலும் ஓரளவு காய்க்கும், ஆனால் புழு உள்ளே வளர்ந்து பெருகிக் கொண்டே இருக்கும். அடுத்து அதே காட்டில் வெண்டையோ மிளகாயோ தக்காளியோ போட்டால் அன்றைக்குத் தெரியும் அதன் லட்சணம். எதிர்க்கும் ரகம் புழுவைப் பெருகவே விடாது, அடுத்த வெள்ளாமைக்கும் மண்ணைச் சுத்தமாக விட்டுப் போகும். ஆகவே பாக்கெட்டில் எந்த வார்த்தை போடுகிறார்கள், எந்த இனப் புழுவுக்குப் போடுகிறார்கள், யார் சோதித்தார்கள் என்பது முக்கியம். கம்பெனி தன் ரகத்துக்குத் தானே மார்க் போட்டுக் கொள்வதை நாம் ஏற்க மாட்டோம். ஒரே எதிர்ப்புக் குணத்தை நம்பி வருடா வருடம் அதையே போட்டாலும் ஆபத்துதான். நெம்-எக்ஸை விடாமல் போட்ட மண்ணில் அதையும் மீறுகிற நூற்புழு தலை தூக்கியதைப் பார்த்திருக்கிறார்கள். பி.டி. முதல் ரகத்தை இளஞ்சிவப்புக் காய்ப்புழு மீறிவிட்டது என்று 2010-இல் குஜராத் நிலவரத்தை வைத்துக் கம்பெனிக்காரர்களே ஒப்புக்கொண்ட கதை நமக்குத் தெரியும். அந்தப் பாடத்துக்கு யார் நட்டம் கொடுத்தார்கள்? நாம்தான் கொடுத்தோம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதைப் பல விவசாயிகளுக்கு யாரும் சொல்வதில்லை. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001. அதன் 39-ஆவது பிரிவு, பதிவு செய்த ரகத்தை விற்கிறவர் எந்தச் சூழ்நிலையில் அது எப்படி விளையும் என்று விவசாயிக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னபடி விளையவில்லை என்றால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. நூற்புழு உள்ள மண் ஒரு சூழ்நிலை இல்லையா? அதைச் சொல்லாமல் விற்றால் அந்தப் பிரிவு எதற்கு? 2025 நவம்பரில் ஒன்றிய அரசு விதை மசோதா வரைவு ஒன்றைக் கருத்துக் கேட்க வெளியிட்டது. எந்தச் சட்டம் வந்தாலும் வேர் சோதனை அதற்குள் எழுதப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கை. முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 2006-இல் பி.டி. விதை விலையை எதிர்த்து ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகுதான், 1,600 ரூபாய்க்கு மேல் விற்ற 450 கிராம் பாக்கெட் 750 ரூபாய்க்கு இறங்கியது. அரசு நினைத்தால் நடக்கும், விவசாயி கேட்டால்தான் அரசு நினைக்கும்.

நாம் கேட்பது வானத்தை வில்லாக வளைக்கிற வேலை அல்ல. தொட்டியில் மண், அதில் எண்ணிப் போட்ட புழு முட்டை, விதைத்து 45 முதல் 60 நாள் கழித்துப் பிடுங்கி முடிச்சு எண்ணுவது, இதுதான் சோதனை. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பருத்தி ரகத்தையும் ஒட்டையும் அரசு ஆராய்ச்சி நிலையம் இப்படிச் சோதித்து முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும், பாக்கெட்டிலும் தமிழில் அச்சடிக்க வேண்டும். எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தை, ஒட்டாக அல்ல, விதை எடுத்து மறுபடி போடும் ரகமாக வேளாண் விரிவாக்க மையத்தில் கொடுக்க வேண்டும். மண் பரிசோதனையில் நூற்புழுவையும் சேர்த்து, சிறு குறு விவசாயிக்கு இலவசமாகப் பார்த்துத் தர வேண்டும். விலை விவகாரம் தனி. இறக்குமதி வரியை 2025 ஆகஸ்டில் எடுத்துவிட்டு நம் தலையில் கல்லைப் போட்டது பற்றி அடுத்த இதழில் எழுதுகிறோம்.

அதுவரைக்கும் சும்மா இருக்கவும் வேண்டாம். முடிச்சு கண்ட காட்டில் தொடர்ந்து பருத்தி, வெண்டை, கத்தரி, தக்காளி என்று புழுவுக்கே பந்தி வைக்காதீர்கள். பருத்தியைத் தாக்கும் இந்தப் புழுவுக்கு நிலக்கடலை ஆகாது, மாற்றிப் போடுங்கள். சணப்பை விதைத்து மடக்கி உழுவதும், செண்டுமல்லி போடுவதும், அடியுரமாக வேப்பம்புண்ணாக்கு இடுவதும் புழுவை மட்டுப்படுத்தும். டெல்டாப் பக்கம் நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நின்ற வயலிலும் புழு குறையும். மார் பிடுங்கியதும் வேரைக் காட்டிலேயே போடாமல் எடுத்து விறகாக்குங்கள். இதெல்லாம் குறைக்கும், ஒழிக்காது. ஒழிக்கிற வழி ரகத்தில்தான் இருக்கிறது.

மாதாமாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நம் சங்கத்தார் மனுவோடு மட்டும் போகப் போவதில்லை, வேரோடு போகிறோம். உங்கள் காட்டில் திட்டாக வாடிய இடத்தின் ஓரத்தில் நாலைந்து செடியை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். கையால் இழுத்தால் முடிச்சு உள்ள சல்லி வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். உளுந்து, கடலை வேரில் இருக்கும் நல்ல முடிச்சு விரலால் தேய்த்தால் உதிரும். இது வேரோடு வேராக ஊதியிருக்கும், உதிராது. அரை அடி, முக்கால் அடி ஆழத்து ஈர மண்ணையும் வேரையும் சேர்த்துப் பாலித்தீன் பையில் கட்டுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், புழு செத்துவிட்டால் சோதனையில் ஒன்றும் தெரியாது. என்ன ரகம், எந்தத் தேதியில் விதைத்தது, முன்பு என்ன வெள்ளாமை, எந்த ஊர் என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள், மை என்றால் ஈரத்தில் அழிந்துவிடும். கூடவே காலி விதைப் பாக்கெட்டையும் கடை பில்லையும் எடுத்து வாருங்கள். பில் கொடுக்காத கடையாக இருந்தால் அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள்.